43ஆவது நிமிடத்தில் நின்ற தவில்

இரவு பதினொரு மணி இருக்கும். கொழும்பில், வெள்ளவத்தைக் கடற்பக்க ஒழுங்கையில் எங்கள் வீடு. ரயில் சத்தம் அடங்கிய பிறகுதான் நான் பதிந்த ஒலிப்பதிவுகளைக் கேட்க உட்காருவேன். அன்று ஹெட்ஃபோனில் தவில் தனி ஓடிக்கொண்டிருந்தது. விரல்கூடு வலப்பக்கத் தோலான வலந்தலையில் விழுந்த சத்தம் கேட்டது. அதற்கு மறுமொழியாக இடப்பக்கத் தொப்பியில் விழ வேண்டிய கம்பு அடி வரவில்லை. அதற்குப் பிறகு எதுவுமே வரவில்லை.

வாசித்தவர் நிறுத்திவிட்டாரோ என்று ஒரு விநாடி யோசித்தேன். ஆனால் கோயில் மண்டபம் என்பது ஒருபோதும் சும்மா இருக்காது. யாராவது இருமுவார்கள், ஃபேன் சுற்றும், பிள்ளை ஒன்று சிணுங்கும். ஆளில்லாத அறையில்கூட மைக்குக்கென்று ஒரு மெல்லிய இரைச்சல் உண்டு. இங்கே அதுவும் இல்லை. திரையில் ஒலி அலை அடிமட்டம் வைத்துக் கீறிய கோடுபோல நேராகப் போய்க்கொண்டிருந்தது. பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தேன், கோடுதான். அந்தக் கோப்பின் 43ஆவது நிமிடம் அது.

அடுத்த கோப்பு திறக்கவே இல்லை. அதற்கடுத்ததும் அப்படித்தான். பெயர் இருக்கிறது, திகதி இருக்கிறது, அளவும் சரியாக இருக்கிறது. உள்ளேதான் ஒன்றும் இல்லை.

நான் தொழில்முறை ஒலிப்பதிவாளன் அல்ல. பகலில் கணக்கு அலுவலகம், விடுமுறை நாட்களில் கையடக்க ரெக்கோடர் ஒன்றோடு கோயில் மேளம் கேட்டுத் திரிவது. ஆடிவேல் திருவிழாச் சமயத்தில் செட்டியார் தெருவில் இருந்து வேல் ரதம் காலி வீதி வழியாகப் பம்பலப்பிட்டிக்கு வரும். அந்த நாட்களில் யாழ்ப்பாணத்து இணுவில், அளவெட்டிப் பக்கத்து மேளக்காரரையும் கேட்கக் கிடைக்கும். அந்த முறை மூன்று நாள் விடாமல் பதிந்தேன். வீட்டுக்கு வந்தால் குளித்துவிட்டுப் படுப்பதற்குத்தான் தெம்பு இருந்தது. கார்ட்டில் 128 ஜிபி இருக்கிறதே, கடைசியில் ஒரேயடியாகக் கொப்பி எடுப்போம் என்று விட்டுவிட்டேன்.

அந்த மைக்ரோ எஸ்டி கார்ட்டை ஐந்து மாதத்துக்கு முன் புறக்கோட்டையில் நடைபாதையில் வாங்கினேன். பெயர்பெற்ற கம்பனியின் பெயர் அச்சிட்ட உறை. கடைக்குள் 4,000 ரூபாய்க்கு மேல் சொன்னதை அங்கே 1,600க்குக் கொடுத்தார்கள். அதிலும் 200 ரூபாய் பேரம் பேசிக் குறைத்தேன். பேரம் பேசியதைப் பற்றி அன்று பெருமையாக வேறு இருந்தது.

அந்த விலையை நினைத்ததும் கார்ட் போலியோ என்ற சந்தேகம் வந்தது. போலி என்றால் அந்த ஐந்து மாதமும் எப்படி ஒழுங்காக வேலை செய்தது? இந்தக் கேள்விதான் என்னைத் தூங்க விடவில்லை. கடைசியில் ஒரு துண்டுத் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் பதிவது 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ. ஒரு விநாடிக்கு 288 கிலோபைட், மணிக்கு 1 ஜிபியும் கொஞ்சமும். முதல் நாள் பதிந்தது 4 மணி 50 நிமிடம். இரண்டாம் நாள் முதல் கோப்பு 2 மணி 4 நிமிடம் ஓடி 2 ஜிபி ஆனதும், என் ரெக்கோடர் வழமைபோல அடுத்த கோப்பைத் தொடங்கியிருக்கிறது. அதில் 43 நிமிடம். மொத்தம் 7 மணி 37 நிமிடம். பெருக்கினால் 7.9 ஜிபி வருகிறது. 8 ஜிபி கார்ட் ஒன்று நிரம்பும் இடம் அது. அதற்கு முந்திய மாதங்களில் நான் ஒரு நாளும் மூன்று மணி நேரத்துக்கு மேல் பதிந்ததில்லை. வீட்டுக்கு வருவேன், கொப்பி எடுப்பேன், ஃபோர்மட் செய்வேன், மறுபடி முதல் ஜிபியில் இருந்தே எழுதுவேன். எட்டாவது ஜிபியின் எல்லைக்கு ஒருமுறையும் போகவில்லை.

இந்த மோசடி நடக்கும் விதத்தை வெள்ளவத்தைக்காரருக்கு விளக்குவது சுலபம். யாழ்ப்பாணத்தில் இருந்து அலுவலாக வருபவர்கள் தங்கும் லொட்ஜ் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். எட்டே அறை. ஆனால் மனேஜர் 128 அறைக்குப் பதிவேடு வைத்திருக்கிறார். ஒன்பதாவது ஆள் வந்தால் முகம் சுளிக்காமல் பெயர், ஊர், வந்த நேரம் எல்லாம் எழுதிக்கொண்டு, “ஒன்பதாம் நம்பர் அறை, மேல போங்கோ” என்பார். மேலே மாடியே கிடையாது. கார்ட்டுக்குள் அந்த மனேஜர் வேலை செய்வது கொன்ட்ரோலர் என்ற சிறிய சில்லு. தன் கொள்ளளவு எவ்வளவு என்று அது சொல்வதைத்தான் ரெக்கோடர், போன், கம்ப்யூட்டர் எல்லாம் நம்புகின்றன. அதன் மென்பொருளில் எண்ணை மாற்றிவிட்டால் 8 என்பது 128 ஆகிவிடும். கோப்பின் பெயரும் அளவும் எழுதப்படும் பதிவேடு கார்ட்டின் தொடக்கப் பகுதியில், உண்மையான நினைவகத்தில் இருப்பதால் அது ஒழுங்காகவே தெரியும். சில போலிகள் இன்னொரு விதம். ஒன்பதாவது ஆளை முதலாம் அறைக்கே அனுப்பி, அங்கே இருந்தவரின் பெட்டியைத் தூக்கி வெளியே போட்டுவிடும். அந்த வகையில் புதியது நிற்கும், பழையது போகும். என்னுடையது மாடிக்கு அனுப்பும் வகை.

பதியும்போது ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டுதானே இருந்தாய் என்று கேட்பீர்கள். போட்டிருந்தேன், நன்றாகக் கேட்டது. ஆனால் அப்போது காதுக்கு வருவது மைக்கின் சத்தம். கார்ட்டில் என்ன விழுகிறது என்பது காதுக்கு வராது. எழுதியதைத் திரும்ப வாசித்துச் சரிபார்க்கும் வழக்கமும் இந்தச் சிறு கருவிகளுக்கு இல்லை.

பதற்றத்தில் இரண்டு தவறு செய்தேன். கார்ட்டை கழற்றி மறுபடி செருகியதும், இந்த டிரைவில் ஏதோ கோளாறு, சோதித்துத் திருத்தவா என்று விண்டோஸ் கேட்டது. ஆம் என்றேன். பிறகு ரெக்கோடரில் போட்டு, எழுதுகிறதா பார்ப்போம் என்று ஒரு நிமிடம் பதிந்தும் பார்த்தேன். யுனிட்டி பிளாசாவில் லப்டொப் திருத்தும் நண்பனுக்கு அந்த நேரத்திலேயே போன் எடுத்தேன். செய்ததைச் சொன்னதும் கத்தினான். “உனக்கென்ன விசரே? உதை இனி ஒண்டுக்கும் போடாத. நாளைக்கு அப்பிடியே கொண்டு வா.”

அவன் கத்தியதில் நியாயம் இருந்தது. மச்சானின் மகளுடைய சாமத்திய வீட்டுப் படங்கள் கெமராக் கார்ட்டில் கெட்டபோது, அவரும் இப்படித்தான் திருத்தச் சொல்லி அமத்தியிருக்கிறார். விண்டோஸ் பதிவேட்டைத் தனக்குத் தெரிந்த மாதிரித் திருத்தியது. படங்களுக்குப் பதிலாக ஃபவுண்ட் என்ற ஃபோல்டர் ஒன்றும், சிஎச்கே என்று முடியும் துண்டுகளும்தான் மிஞ்சின. ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு நண்பன் பெரும்பாலானதை எடுத்துக் கொடுத்தான். அது பதிவேட்டைப் பார்க்காது. கார்ட் முழுவதையும் வாசித்து, இந்த இடத்தில் ஒரு ஜேபெக் படம் தொடங்குகிறது என்று தலைப்பகுதியின் அடையாளத்தை வைத்துப் பிடிக்கும். ஆகவே பழைய கோப்புப் பெயர் ஒன்றும் கிடைக்காது. முகம் கழுவும் படம், ஆலாத்திப் படம், பந்திப் படம் எல்லாம் கலந்து எண்களோடு வந்தன. அக்காவும் நானும் இருந்து பிரித்து அடுக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது.

மறுநாள் நண்பன் முதல் செய்த வேலை, கார்ட்டை இமேஜ் எடுத்தது. டிடிரெஸ்கியூ என்ற கருவியால் கார்ட்டின் தொடக்கத்தில் இருந்து முடிவு வரை அப்படியே ஒரே பெரிய கோப்பாக லப்டொப்பில் இறக்கினான். இனி என்ன பரிசோதனை செய்தாலும் அந்தப் பிரதியில்தான், கார்ட்டைத் தொடத் தேவையில்லை. கார்ட் செத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒவ்வொரு வாசிப்பும் கடைசி வாசிப்பாக இருக்கலாம் என்பதால் இந்த ஒழுங்கு. பிறகு பிரதியை எண்களாகத் திறந்து காட்டினான். 7.4 ஜிபி வரைக்கும் எண்ணும் எழுத்துமாக நெருக்கமாக இருந்தது. என் கணக்கின் 7.9, கம்ப்யூட்டர் எண்ணும் முறையில் 7.4 ஆகத் தெரியும். அதற்குக் கீழே சைபர், சைபர், சைபர். மவுஸின் சக்கரத்தை உருட்டிக்கொண்டே போனான், 119 வரைக்கும் சைபர்தான்.

“இது அழிஞ்சதில்ல மச்சான். எழுதவே இல்ல. எழுதாததை நான் எங்க போய்த் தேடுறது?”

காசு விஷயத்தில் இது பெரிய வித்தியாசம். தவறுதலாக அழித்ததை, ஃபோர்மட் ஆனதை, பதிவேடு குழம்பியதை மீட்கலாம், குறைந்தது முயன்று பார்க்கலாம். போலிக் கார்ட்டின் எல்லைக்கு அப்பால் போனதை யாராலும் மீட்க முடியாது. அதற்காகத் தரவு மீட்பவர்களுக்குப் பணம் கட்டுவது வீண். இரண்டாம் நாள் கச்சேரியின் கடைசிப் பகுதியும் மூன்றாம் நாள் முழுவதும் எனக்கு அப்படிப் போனவை.

அன்றிரவு கார்ட்டை முறையாகச் சோதித்தோம். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஒரு பழைய, சிறிய, இலவச மென்பொருள் இருக்கிறது. ஜெர்மன்காரர் செய்தது. லினக்ஸ்காரர் எஃப்3 என்பதைப் பாவிப்பார்கள். இரண்டும் ஒரே யோசனைதான். வெற்றுக் கார்ட்டை அறிந்த தரவால் கடைசி மூலை வரை நிரப்பி, பிறகு முதலில் இருந்து வாசித்து, எழுதியதும் வாசித்ததும் ஒன்றா என்று ஒப்பிடும். குறுக்குவழி கிடையாது. விநாடிக்கு 10 மெகாபைட் வேகத்தில் எழுதினால் 128 ஜிபிக்கு மூன்றரை மணி நேரம், வாசிக்க மேலதிகமாக. என் போலி அதைவிட மந்தம் என்பதால் விடிய விடிய ஓடியது. காலையில் திரையில் சிவப்பு எழுத்து. 7.4 ஜிபி சரி, 111.8 தொலைந்தது.

ஃபோர்மட் செய்து பார்த்தேன் ஒழுங்காகத்தான் இருந்தது என்று சொல்பவர்கள் உண்டு. ஃபோர்மட் பதிவேட்டை மட்டும்தான் புதிதாக எழுதுகிறது. மனேஜர் புதுப் பதிவேடு வாங்கியதற்காக மாடி முளைக்காது.

எஃப்3இல் ஒரு வசதி இருக்கிறது. போலியின் உண்மையான அளவைக் கண்டுபிடித்து, கார்ட்டை அந்த அளவுக்கே பிரித்துத் தரும். என்னுடையதை 7 ஜிபிச் சொச்சமாக்கி நண்பன் கையில் தந்தான். வேலையும் செய்கிறது. ஆனால் கொள்ளளவில் பொய் சொன்னவன் உள்ளே நல்ல சில்லா வைத்திருக்கப் போகிறான்? சமையலறை வானொலியில் பாட்டுப் போட்டுக் கேட்க அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். போனால் போகட்டும் என்ற வேலைக்கு மட்டும் அது.

விற்றவரிடம் திரும்பப் போனேன். சண்டை பிடிக்கும் நோக்கத்தோடுதான் போனேன். மனிதர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. “சொறி அண்ணை, அந்த லொட் பிழை, இது புது லொட்” என்று சொல்லி வேறொன்றை எடுத்துத் தந்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து சோதித்தேன். 14.8 ஜிபி சரி. அதாவது 16. முந்தியதைவிட இரட்டிப்பு, முன்னேற்றம்தான். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977க்கு அழைத்து முறையிடு என்று அலுவலகத்தில் சொன்னார்கள். பில் இல்லை, கடைக்குப் பெயர் இல்லை, அடுத்த வாரம் அந்த இடத்தில் வேறொருவர் குடை விற்றுக்கொண்டிருந்தார். யாரைப் பற்றி முறையிடுவது? இப்போது பில்லும் வரண்டியும் இல்லாமல் கார்ட் வாங்குவதில்லை.

இதற்குப் பிறகு குடும்பத்தில் நான் கார்ட் வைத்தியர் ஆகிவிட்டேன். வருவதெல்லாம் போலி அல்ல என்று போகப் போகத்தான் விளங்கியது.

கொட்டாஞ்சேனையில் இருக்கும் தங்கையின் மகனுக்குப் பன்னிரண்டு வயது. கையடக்க கேம் கருவி ஒன்று வைத்திருக்கிறான், பெயரில்லாத கார்ட் ஒன்று அதோடேயே வந்தது. “மாமா, நான் வெண்ட லெவல் எல்லாம் ஒவ்வொரு நாளும் பின்னுக்குப் போகுது” என்றான். விளையாடி சேவ் செய்கிறான், அணைத்துப் போட்டால் மூன்று வாரத்துக்கு முந்திய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. அழித்த கேம்களும் உயிரோடு வந்து நிற்கின்றன. பேய் பிடித்த கதைபோல இருந்தாலும் காரணம் சாதாரணம். நினைவகக் கலங்கள் தேய்ந்து போனால் சில கொன்ட்ரோலர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு வாசிக்க மட்டும் விடும். எழுதச் சொன்னால் சரி என்று தலையாட்டும், எழுதாது. கருவி தன் தற்காலிக நினைவில் வைத்திருக்கும் வரைக்கும் எல்லாம் சேவ் ஆன மாதிரியே தெரியும். இந்த நிலையில் கார்ட்டை ஃபோர்மட் செய்யவும் முடியாது, முயல்வதும் வேண்டாம். வாசிக்க விடுகிறதே, அந்தப் பெருந்தன்மையைப் பயன்படுத்தி உடனே முழுவதையும் வெளியே எடுக்க வேண்டும். எடுத்தோம். மூன்று வாரத்து லெவல் போனது போனதுதான். அவன் அழவில்லை, ஆனால் என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை, என்னவோ நான் தேய்த்த மாதிரி.

கடல் காற்றும் ஒரு எதிரி. எங்கள் ஒழுங்கையில் ஜன்னல் கம்பி இரண்டு வருடத்தில் துருப்பிடிக்கும். கார்ட்டின் பொன்னிறப் பட்டைகளும் அடப்டருக்குள் இருக்கும் மெல்லிய கம்பிகளும் மட்டும் தப்புமா? கார்ட் இல்லை என்று கருவி சொன்னால் நான் இப்போது முதலில் அடப்டரைச் சந்தேகிப்பேன், பிறகு ரீடரை, பிறகு அழுக்கை, கடைசியில்தான் கார்ட்டை. இந்த ஒழுங்கு தெரியாத காலத்தில் நல்ல கார்ட் ஒன்றைக் குப்பையில் போட்டிருக்கிறேன். கெட்டிருந்தது அடப்டர். பட்டைகளை வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்ட பஞ்சால் துடைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். எழுத முடியவில்லை, பூட்டியிருக்கிறது என்று சொன்னால் அடப்டரின் ஓரத்தில் இருக்கும் சிறிய தள்ளுகுமிழைப் பாருங்கள். செருகும்போது அது தானாகக் கீழே சரிந்துவிடும்.

மேல் மாடியில் இளைப்பாறிய ரீச்சர் ஒருவர் இருக்கிறார். பழைய போனின் திரை உடைந்து புதியது வாங்கி, கார்ட்டை மாற்றிப் போட்டிருக்கிறார். ஃபோர்மட் செய்ய வேண்டும் என்று கேட்கிறதாம். “அமத்தட்டே தம்பி?” என்று விரலைத் திரைக்கு மேல் பிடித்துக்கொண்டே படியிறங்கி வந்தார். ஆண்ட்ரொய்ட் 6 வந்த காலத்தில் இருந்து கார்ட்டை போனின் உள்நினைவகமாகவே பாவிக்கும் தெரிவு சில போன்களில் இருக்கிறது. அப்படிச் செய்தால் கார்ட் பூட்டி மறைகுறியாக்கப்படும், சாவி அந்தப் பழைய போனில்தான் இருக்கும். வேறெங்கே போட்டாலும் கெட்டுப்போன கார்ட் மாதிரித்தான் தெரியும். பழைய போனுக்குத் திரை மாற்றி, கார்ட்டை அதில் போட்டுப் படங்களை வெளியே எடுத்தோம். திரைக்குக் கொடுத்த காசை நினைத்து ரீச்சர் இன்னும் முணுமுணுப்பார்.

நான் இப்போது புதுக் கார்ட் வாங்கினால் அதை அன்றிரவே நிரப்பிச் சோதித்துவிட்டுத்தான் படுப்பேன், நல்ல கடையில் வாங்கியதானாலும். சோதித்த திகதியைச் சிறு ஒட்டுத்தாளில் எழுதி டப்பாவில் ஒட்டுவேன். ஒரு பெரிய கார்ட்டுக்குப் பதிலாக 32 ஜிபி கார்ட் மூன்று வைத்திருக்கிறேன், கச்சேரிக்கு ஒன்று. எவ்வளவு களைப்பானாலும் அன்றைய பதிவை அன்றே இரண்டு இடத்தில் கொப்பி எடுத்து, நடுவிலும் கடைசியிலும் கொஞ்சம் கேட்டுப் பார்ப்பேன். கோப்பின் பெயரையும் அளவையும் பார்த்துத் திருப்திப்படும் பழக்கம் போய்விட்டது. ஃபோர்மட் செய்வது எப்போதும் ரெக்கோடருக்குள்தான்.

போன மாதம் மருமகனுக்குப் பிறந்தநாள். தகப்பன் கடையில் பில்லோடு 128 ஜிபி கார்ட் வாங்கிக் கொடுத்திருக்கிறார். சோதிக்காமல் போடாதே என்று நான் எச்சரித்திருந்ததால், அவனே லப்டொப்பில் செருகிப் பார்த்துவிட்டு இரவு பதினொரு மணிக்குப் போன் எடுத்தான்.

“மாமா, இதுவும் களவுதான். 119 எண்டு காட்டுது. ஒம்பது ஜிபிய அடிச்சிட்டாங்கள்.”

களவில்லை என்று விளக்கினேன். கம்பனிக்காரர் ஒரு ஜிபியை 100 கோடி பைட் என்று எண்ணுவார்கள், விண்டோஸ் 1,024ஐ மூன்று தரம் பெருக்கி எண்ணும், ஆகவே 128 என்பது 119.2 ஆகத் தெரியும், 32 என்றால் 29.8 என்று சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் அவனுடைய ஃபேன் சுற்றுவது கேட்டது.

“அப்ப பெட்டியில 119 எண்டே அடிக்கலாம்தானே?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. சோதனையை ஓட விட்டுட்டுப் போய்ப் படு என்றேன்.